ஹார்லனுக்குச் சுற்றிய நரம்பு

ஹோலிஸ் ஏரிப் பாலத்தடியில் இருக்கும் தூண்டில் கடையில் ரீல்களுக்குத் தூண்டில் நரம்பு சுற்றிக் கொடுப்பது நேடீன் கேகிலின் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே ஜன்னல், அதே முக்காலி, அதே மெஷின். வெள்ளிக்கிழமை வந்தால் போதும், மறுநாள் மீன்பிடிப் போட்டிக்குப் போகிற ஆண்கள் ரீல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். வட அலபாமாவின் அந்த மூலையில் எவனுக்கு எந்தப் பாஸ் மீன் மாட்டினாலும், அநேகமாக அது நேடீனின் விரலிடுக்கில் ஓடிய நரம்பில்தான் மாட்டியிருக்கும். அவள் மட்டும் தூண்டில் பிடிக்க மாட்டாள். கேட்டால், "செருப்பு தைக்கிறவ எல்லாம் ஓட்டப் பந்தயத்துக்கா போறா?" என்பாள்.

வாய் கொஞ்சம் நீளம்தான் அவளுக்கு. ஆனால் அந்த வாயைக் கேட்பதற்கென்றே பத்து மைல் சுற்றிக்கொண்டு வருகிறவர்கள் இருந்தார்கள். ஒருமுறை ஹன்ட்ஸ்வில் பக்கத்திலிருந்து புதுப் படகோடு ஒருவன் வந்தான். படகின் பளபளப்பில் பார்க்கிற கண் கூசியது.

"மிஸ் நேடீன், இதுல ஃப்ளோரோ நரம்பு சுத்திக் குடுங்க. தண்ணிக்குள்ள மீனோட கண்ணுக்கே தெரியாதாமே."

"என்ன பொய்மீன் கட்டப் போற?"

அவன் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக் காட்டினான். விரல் நீளப் பொம்மை இரை, குழிந்த வாய், வாலில் கோழியிறகு.

"இது எங்க ஓடும்?"

"தண்ணிக்கு மேல."

"ஃப்ளோரோ எங்க போவும்?"

அவன் விழித்தான்.

"கீழ போவும்ப்பா. அது முழுகுற நரம்பு. நீ மேல ஆட்டுவ, அது மூக்கப் புடிச்சுக் கீழ இழுக்கும். நடுவுல இந்தப் பொய்மீன் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

வரிசையே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டு, எது நல்லது என்று பணிவாகக் கேட்டான். நேடீன் சொன்னாள். மிதக்கிற நரம்பு இரண்டுதான்: நைலான் தங்கூஸ் ஒன்று, பின்னல் நூல் ஒன்று. பாசியும் அல்லி இலையும் மண்டிய இடத்தில் தவளைப் பொம்மையை இழுக்கிறாயா, பின்னல் நூல் கட்டு. அது பாசியை அறுத்துக்கொண்டு வரும். வெட்டவெளித் தண்ணீரில் மூன்று முள் கொக்கி தொங்குகிற பொய்மீனா, கண்ணை மூடிக்கொண்டு தங்கூஸ் கட்டு. ஏனென்றால் தங்கூஸ் கொஞ்சம் நீளும். பின்னல் நூல் ஒரு மயிரிழை கூட நீளாது. மேல்மட்டத்தில் மீன் அடிக்கும்போது தண்ணீர் வெடிக்கும், நெஞ்சு தூக்கிவாரிப் போடும், பதறிப்போய் வெடுக்கென்று இழுப்பாய். அப்போது தங்கூஸாக இருந்தால் நீண்டு கொடுத்து மீன் வாயை மூடுகிற வரைக்கும் உன் அவசரத்தைத் தாங்கிக்கொள்ளும். பின்னல் நூலோ மீனின் வாயிலிருந்தே பொய்மீனைப் பிடுங்கிவிடும்.

"அப்ப எப்பத்தான் இழுக்கணும்?"

கடைக்காரர் ராஸ்கோ பின்னாலிருந்து தொண்டையைச் செருமினார். இந்த இடத்துக்காகத்தான் வரிசை காத்திருந்தது.

"கல்யாணம் ஆச்சா?" என்றாள் நேடீன்.

"ஆச்சு."

"தண்ணி வெடிச்சதும் பொண்டாட்டி பேர முழுசா மனசுக்குள்ள சொல்லு. அப்பா வீட்டுப் பேரு, நடுப்பேரு ஒண்ணையும் விடாத. சொல்லி முடிச்சிட்டு, கையில பாரம் தெரிஞ்சா இழு. சின்னப் பேரா பாத்துக் கட்டியிருந்தா உன் தலையெழுத்து."

இந்தப் பேர் சொல்லும் வழக்கத்தை அந்த ஏரியில் கிளப்பிவிட்டவன் ஹார்லன் கேகில், நேடீனின் கணவன். தோணி கட்டும் தளத்தில் முப்பத்தைந்து வருஷம் வெல்டர். மேல்மட்டப் பொய்மீன் தவிர வேறொன்றையும் கையால் தொடமாட்டான். அடியில் புழு போட்டுப் பிடிப்பதை "தூங்கிட்டே மீன் புடிக்கிறது" என்பான். இருபதடி தள்ளித் தண்ணீர் வெடிக்கும்போதும் தூண்டில் கம்பு அவன் இடக்கையில் அசையாமல் இருக்கும். உதடு மட்டும் லேசாக அசையும். நேடீன் ரூத் கேகில். அப்புறம்தான் இழுப்பான். "கல்யாணத்துக்கு முன்னாடி நெறைய மீன விட்டேன்" என்று கூட்டத்தில் சொல்லுவான். நேடீன் அவனைத் துடைப்பத்தால் அடிப்பதுபோலப் பாவனை செய்வாள். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிடும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஹார்லனுக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் காபிக் கோப்பை கையிலிருந்து நழுவியது. அதை எடுக்கக் குனிந்தவன் எழவில்லை. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். பேச்சு போகவில்லை. கால் இரண்டு மாதத்தில் திரும்பிவிட்டது, கோல் ஊன்றி நடந்தான். இடக்கைதான் போனது. முழுதாகப் போயிருந்தால் கூட மனசு ஒருவழியாகியிருக்கும். அந்தக் கை ஒருவாறு பிடிக்கும், ஆனால் எதைப் பிடித்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கண்ணால் பார்த்தால்தான் விரல்களுக்குள் ஏதோ இருக்கிறதென்று ஹார்லனுக்கே தெரியும்.

பயிற்சி கொடுக்கிற டெனிஸ் நல்ல பெண். ஆரம்பத்திலேயே உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். "முதல் ஆறேழு மாசந்தான், மிஸ் நேடீன், கை திரும்பக் கத்துக்கற காலம். அதுக்கப்புறம் இருக்கறதுதான் இருக்கும். தெனம் செய்யணும், விட்றவே கூடாது." மேஜையில் துணி மாட்டுகிற கிளிப்புகளை வைத்து, இடக்கையால் ஒவ்வொன்றாகக் கம்பியில் மாட்டச் சொன்னாள். எஃகுத் தகடுகளை மயிரிழை பிசகாமல் ஒட்டவைத்த மனுஷன், ஒரு கிளிப்பை மாட்ட இருபது நிமிஷம் வியர்த்தான். மாட்டியதும் டெனிஸ் கைதட்டினாள். அங்கேதான் எல்லாம் கெட்டது. ஹார்லன் கோலை எடுத்துக்கொண்டு எழுந்து போனவன்தான், அந்த வாசலை மறுபடி மிதிக்கவில்லை.

கோடை முழுதும் டிவிக்கு முன்னால் சாய்வு நாற்காலியில் கிடந்தான். ஏரி ஜன்னலுக்கு வெளியே இருந்தது. நாற்காலியை அதற்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டான். நேடீன் கெஞ்சினாள், கத்தினாள், பாதிரியாரை அழைத்து வந்தாள், இரண்டு நாள் பேசாமல் கூட இருந்து பார்த்தாள். எதுவும் எடுபடவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள் அவள் தட்டைக் கொண்டுவந்து மடியில் வைக்கும்போது அவனாகவே பேசினான்.

"சின்ன மீனெல்லாம் ஓடைக்குள்ள ஏற ஆரம்பிச்சிருக்கும். பெருசெல்லாம் பின்னாலயே வரும்."

"ஏறிருச்சாம். ராஸ்கோ சொன்னாரு."

"ஒரு மீன்," என்றான் அவன். "மேல. இந்தக் கையில கம்பப் புடிச்சு ஒரே ஒரு மீன் எடுத்துட்டா, அந்தப் பொண்ணுகிட்ட வரேன். கிளிப்பு மாட்டச் சொன்னா மாட்றேன். குட்டிக்கரணம் போடச் சொன்னாலும் போடறேன்."

"சத்தியமா?"

"நான் எப்ப உங்கிட்டப் பொய் சொன்னேன்?"

"போன வருஷம் கூரைய ஒழுங்காப் பாத்துட்டேன்னு சொன்னியே."

"அது தவிர."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் சமையலறைக்குப் போய்ச் சிரித்தாள். சிரிப்பு முடியுமுன்னே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். ஆறு மாதம் முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. அக்டோபர் தாண்டினால் தண்ணீர் குளிர்ந்துவிடும், மீன் மேலே வராது. மேலே வராவிட்டால் ஹார்லன் நாற்காலியை விட்டு எழமாட்டான். ஆக எல்லாம் ஒரு மீனில் வந்து நின்றது.

கம்பு அதே பழைய கம்பு, ரீல் அதே வலக்கையால் சுற்றுகிற பழைய ரீல். வலக்கையால் வீசி, கம்பை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் சுற்றுவது அவனுடைய நாற்பது வருஷப் பழக்கம். ராஸ்கோ இடக்கைச் சுற்று ரீல் ஒன்றைச் சும்மாவே கொடுத்துப் பார்த்தார். ஆனால் அந்தச் சின்னக் குமிழை ஹார்லனின் இடது விரல்களால் பிடிக்க முடியவில்லை. கம்பின் அடியை அக்குளில் இடுக்கி, உள்ளங்கையால் ரீலை அணைத்துக்கொண்டால் ஒருவாறு நின்றது.

மிச்சம் இருந்தது நரம்பு. அது அவள் ராஜ்ஜியம்.

வியாழக்கிழமை மதியம், கடையில் யாருமில்லாத நேரத்தில், ஹார்லனின் ரீலை மெஷினில் மாட்டிவிட்டு நேடீன் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். இதே ரீலில் பதினேழு பவுண்டு தாங்குகிற தங்கூஸ் எத்தனை முறை சுற்றியிருப்பாள், கணக்கே இல்லை. கை தானாகவே தங்கூஸ் உருளைக்குப் போனது. போன கையை இழுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து அலமாரியிலிருந்து பச்சைப் பின்னல் நூலை எடுத்து வந்தாள்.

ராஸ்கோ பார்த்துவிட்டார். "அது யாருக்கு?"

"ஹார்லனுக்கு."

"ஹார்லனுக்கா? அவன் இத வீட்டுக்குள்ளயே விட மாட்டானே. தையல் நூலும்பான்."

"அவன் கையில பலம் இல்ல ராஸ்கோ. தங்கூஸ் நீளும். தூரத்துல மீன் அடிச்சா அந்த நீளுற நரம்ப இழுத்து முள்ள எறக்கற அளவுக்கு அந்தக் கை இழுக்காது. இதுன்னா சும்மா சொடுக்கினாப் போதும், முள்ளு எறங்கிரும்."

"வெட்டவெளித் தண்ணி. மும்முள்ளு. நீதானேம்மா ஊருக்கெல்லாம் பாடம் எடுப்ப?"

"ஊருக்குப் பக்கவாதம் வரல."

ராஸ்கோ கல்லாவுக்குத் திரும்பிப் போனார். ஆனால் அவள் மனசு அடங்கவில்லை. நூலின் முனையில் இரண்டடி தங்கூஸைச் சேர்த்து முடிச்சுப் போட்டாள். பொய்மீனின் முள்ளில் நூல் சிக்காமல் இருக்கும். கட்டுகிற இடத்தில் பழைய நரம்பைப் பார்த்தால் அவனுக்கும் சந்தேகம் வராது. ஆறு மாதத்தில் அவன் கண்ணும் கொஞ்சம் மங்கியிருந்தது. கைக்கோ உணர்ச்சியே இல்லை. தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முப்பத்தேழு வருஷத் தாம்பத்தியத்தில் அவனிடம் மறைத்துச் செய்த முதல் காரியம் அது. பாவம், எல்லாம் அவன் நல்லதுக்குத்தான்.

சனிக்கிழமை விடியலில் ராஸ்கோவின் தட்டைப் படகில் இருவரும் ஓடைக்குள் போனார்கள். நேடீன்தான் மோட்டாரைப் பார்த்துக்கொண்டாள். தண்ணீரின் மேல் ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஹார்லன் முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மூன்று சட்டை, தோணித் தளத்துப் பழைய தொப்பி. பெட்டியிலிருந்து கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமான பொய்மீனை எடுத்தான். பெயின்ட் பாதி உரிந்து மரம் தெரிகிற, அவனுடைய ராசியான பொய்மீன். நேடீன்தான் முடிச்சுப் போட்டாள்.

"எச்சில் தொட்டு இறுக்கினியா?"

"எனக்கே சொல்லித்தர்றியா?"

"கேட்டேன்."

முதல் வீச்சு கோணலாகப் போனது. நூல் கம்பின் வளையங்களின் வழியே சீறிக்கொண்டு ஓடியது. ஹார்லன் தலையை லேசாகச் சாய்த்தான். நேடீன் மோட்டார் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவன் கம்பை இடக்கைக்கு மாற்றி, அக்குளில் இடுக்கி, மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தான். பொய்மீனை இடமும் வலமும் தலையாட்ட வைக்க மணிக்கட்டு வேண்டும். அவனிடம் மணிக்கட்டு இல்லை. அதனால் தோளோடு சேர்த்து உடம்பையே ஆட்டினான். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் பொய்மீன் தலையாட்டியது, அது போதும்.

ஒன்றரை மணிநேரம் ஒன்றுமில்லை. நடுவில் டப்பா சாசேஜும் உப்பு பிஸ்கட்டும் சாப்பிட்டார்கள். ஹார்லன் ஐந்து பிஸ்கட் தின்றான். வீட்டில் இரண்டுக்கு மேல் இறங்காது.

"ரொம்பக் கொழுப்பெடுத்துப் போச்சு இந்த ஓடை மீனுக்கெல்லாம்," என்றான். "நான் வரலன்னதும் எவனும் கண்டிக்கல போல."

"கண்டிக்க வந்துட்டேல்ல, கண்டி."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த மாத்திரத்தில் நேடீன் மனசுக்குள் டெனிஸுக்கு ஃபோன் செய்து திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் வாங்கிவிட்டாள். அவ்வளவு முட்டாள்தனமான சந்தோஷம்.

சாய்ந்து கிடந்த பட்டமரத்தின் ஓரமாக அவன் வீசினான். பொய்மீன் விழுந்தது, தண்ணீரில் வட்டங்கள் அடங்கின, இரண்டு தலையாட்டல். மூன்றாவது ஆட்டலில் தண்ணீர் வெடித்தது. நேடீன் எத்தனையோ ஆண்கள் கையை விரித்துக் காட்டிய மீன்களைப் பற்றிக் கேட்டிருக்கிறாளே தவிர, இந்த மாதிரி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. முதுகு தெரிந்தது, திறந்த வாய் தெரிந்தது, அந்த வாய்க்குள் வெள்ளை வயிற்றுப் பொய்மீன் போவது தெரிந்தது. ஹார்லனின் உதடு அசைந்தது.

அந்தக் கணமே அவன் உடம்பு முழுதும் பின்னால் துள்ளியது. தோள் இழுத்தது, கம்பு இழுத்தது, ஒரு மயிரிழை கூட நீளாத நூல் இழுத்தது. மீனின் வாயிலிருந்து பொய்மீன் தெறித்துப் பறந்து வந்து, நேடீனின் கோட்டுக் கையில் குத்திக்கொண்டு தொங்கியது.

தண்ணீரில் வட்டங்கள் விரிந்தன. அவ்வளவுதான்.

இருவரும் அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நேடீன் கோட்டுக் கையைப் பார்த்தாள். பொய்மீன் மேல் மீனின் பல் கீறிய ஈரத் தடம் இருந்தது. அந்த இடத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் அவன் கையின் பலத்தை எண்ணினாள், அதன் உணர்ச்சியை எண்ணவில்லை. உணர்ச்சியில்லாத உள்ளங்கைக்குப் பாரம் எப்படித் தெரியும்? பாரம் தெரியாதவன் கண்ணால் பார்த்துத்தானே இழுப்பான்? கண்ணால் பார்த்து இழுக்கிறவனுக்குத் தங்கூஸ் கட்டு என்றுதானே இருபத்திரண்டு வருஷமாக முக்காலியில் உட்கார்ந்து ஊரானுக்கெல்லாம் ஓதினாள்? கட்டிய புருஷனுக்கு மட்டும் மறந்துபோனாள்.

"இன்னொண்ணு வீசு," என்றாள். "அங்கயேதான் இருக்கும். இன்னொரு தடவ வீசு ஹார்லன்."

அவன் கம்பைப் படகின் தரையில் படுக்க வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான், கோபமில்லை.

"வீட்டுக்குப் போவோம்."

"ஒரே ஒரு தடவ."

"குளுருது நேடீன்."

அவள் மோட்டாரைப் பிடித்தாள். ஓடை வாய் தாண்டி, பாலம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வந்தபோது, திரும்பிப் பார்க்காமலே அவன் பேசினான்.

"பின்னல் நூலுதானே."

அவள் மோட்டாரின் வேகத்தைக் குறைத்தாள்.

"மொதல் வீச்சுலயே தெரிஞ்சுது. வளையத்துல சீறுச்சே. கைதான் செத்துப் போச்சு, காது சாகல."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீ அவ்ளோ ஆசையா முடிச்சுப் போட்டுட்டு ஒக்காந்திருந்த." மடியில் கிடந்த இடக்கையை வலக்கையால் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "நூலு மேல தப்பில்ல. கை நிக்கல. நேடீன்னு சொல்றதுக்குள்ள இழுத்துருச்சு. மிச்சத்தச் சொல்ல விடல."

அவன் அதை அவளைத் தேற்றுவதற்குச் சொன்னான். நேடீன் படகைப் பாலத்தை நோக்கி ஓட்டினாள். தங்கூஸ் இருந்திருந்தால் அந்த மிச்சப் பெயருக்கு அது நீண்டு கொடுத்திருக்கும். அவளைவிட அது யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. ஹார்லனுக்கும் தெரியும், அதைத்தான் அவன் சொல்லாமல் விட்டான்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் தினமும் கேட்டாள். தங்கூஸ் சுற்றித் தருகிறேன், வா. நானும் துணைக்குப் பிடிக்கிறேன், வா. நாளைக்கு வெயில் இருக்கும், வா. அவன் எரிந்துவிழவில்லை. எரிந்துவிழுந்திருந்தால் தேவலை. "பாப்போம்மா" என்பான், டிவியின் சத்தத்தைக் கூட்டுவான். அக்டோபர் முடிந்து தண்ணீர் குளிர்ந்தது. டெனிஸ் தொலைபேசியில் அழைத்தாள். அடுத்த வாரம் வருகிறோம் என்று நேடீன் மூன்று தடவை பொய் சொன்னாள். நாலாவது தடவை ஃபோனையே எடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குள் ஹார்லனின் விரல்கள் உள்பக்கமாக மடங்க ஆரம்பித்தன. குளிப்பாட்டும்போது ஒவ்வொரு விரலாக நீட்டி உள்ளங்கையைத் துடைத்துவிடுவாள். கையை விட்டதும் அவை பழையபடி மடங்கிக்கொள்ளும்.

ஒருநாள் கடையில் வேலைக்கு நடுவில் மெஷினை நிறுத்திவிட்டு அழுதாள். ராஸ்கோ கதவிலிருந்த பலகையை "மூடப்பட்டது" என்று திருப்பி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"நான்தான் ராஸ்கோ அவன் கையக் கொன்னேன்."

"நோய் கொன்னுது. நீ எதுக்கு அத இழுத்து உன் தலையில போட்டுக்கற?"

"நீங்க சொன்னீங்க. நான் கேக்கல. அவனுக்குப் பலம் குடுக்கறேன்னு, இருந்த ஒரே வாய்ப்பப் புடுங்கிட்டேன்."

ராஸ்கோ பொய் சொல்லிப் பழகாதவர். அவள் தோளில் கை வைத்தபடி நின்றார்.

மார்ச் கடைசியில், மரங்கள் பூக்கிற சமயத்தில், நேடீன் ஹார்லனின் ரீலைக் கடைக்குக் கொண்டுபோனாள். பச்சை நூல் முழுவதையும் உருவிக் குப்பையில் போட்டாள். எண்ணெய் விட்டுத் துடைத்தாள். பதினேழு பவுண்டு தங்கூஸை ஈரத் துணியில் பிடித்து, இறுக்கமும் தளர்ச்சியும் இல்லாமல், விளிம்புக்கு ஒரு நூலளவு கீழே நிற்கும்படி சுற்றினாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு அழகாக ஒரு ரீலைச் சுற்றியதில்லை. சாயந்திரம் வீட்டுக்கு எடுத்துப்போய் ஹார்லனின் மடியில் வைத்தாள்.

அவன் டிவியை நிறுத்தினான். வலக்கைக் கட்டைவிரலால் நரம்பை அழுத்திப் பார்த்தான். ஒரு முழம் உருவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, திரும்ப விட்டான்.

"இதுதான் சரி," என்றான். "ரொம்ப நல்லா சுத்தியிருக்க."

நேடீன் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"யாருக்காவது குடுத்துரு," என்று ரீலை அவளிடம் நீட்டினான். "சும்மா கெடந்தா நரம்பு கெட்டுப் போயிரும்."

வெள்ளிக்கிழமை வரிசையில் ஒரு புது ஆள் நின்றான். காகித ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறானாம், மேல்மட்டத்தில் பிடித்துப் பழக்கமில்லையாம், சொந்த ரீல்கூட இல்லையாம். நேடீன் அவனிடம் ஹார்லனின் ரீலைக் கொடுத்தாள். விலை கேட்டவனுக்குத் தலையை மட்டும் அசைத்தாள்.

"ரொம்ப நன்றி மிஸ் நேடீன். மேல அடிச்சதும் எப்ப இழுக்கணும்னு சொல்லுங்களேன். இங்க ஏதோ வழக்கம் இருக்காமே."

ராஸ்கோ பின்னாலிருந்து தொண்டையைச் செருமினார். வரிசையில் நின்றவர்கள் சிரிக்கத் தயாராக அவளையே பார்த்தார்கள்.

"பாரம் தெரிஞ்சதும் இழு," என்றாள் நேடீன். அடுத்த ஆளின் ரீலை வாங்கி மெஷினில் மாட்டினாள்.